வீட்டுக் கதவுக்குத் தாழ் உண்டு, இணையக் கதவுக்கு?

ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்

 

ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்பட்டு, உங்கள் ஒப்புதலும் கிடைத்துவிட்டது. நமக்கு ஒதுக்கப்பட்டுள்ள நேரத்தில், இதுவரை இந்த மேடையில் பேசப்படாத ஒரு பொருளை எடுத்துக் கொள்கிறோம். வீட்டிற்கு வரும் இணைய இணைப்பின் வாசலில் காவல் வைப்பது பற்றியதே அது. கணினி படித்தவர்களுக்கு மட்டும் உரிய பேச்சு என்று எண்ணி யாரும் எழுந்து சென்றுவிட வேண்டாம். இது குடும்பத் தலைவர்களும், குறிப்பாக வீட்டுப் பொறுப்பைத் தாங்கி நிற்கும் பெண்களும் அறிய வேண்டிய செய்தியாகும்.

ஒரு வீட்டில் நடந்தது

சென்ற ஆண்டு நம் மஹல்லாவில் ஒரு வீட்டில் நடந்ததை, அக்குடும்பத்தாரின் அனுமதியோடு, தெருவின் பெயரும் ஆட்களின் பெயரும் சொல்லாமல் இங்கே கூறுகிறோம்.

அந்த வீட்டின் தலைவர் வளைகுடா நாட்டில் பணிபுரிகிறார். வீட்டில் அவருடைய வயது முதிர்ந்த தாயார், மனைவி, இரு குழந்தைகள். பாதுகாப்பிற்காக முன்கட்டில் ஒரு கேமரா பொருத்தினார்கள். அது இருந்த இடத்திலிருந்தே இடமும் வலமும் திரும்பக் கூடியது. வெளிநாட்டிலிருந்து கைப்பேசியில் பார்ப்பதற்கு வசதியாக, மாறாத இணைய முகவரி ஒன்றையும் தனிக் கட்டணம் செலுத்திப் பெற்றிருந்தார்கள்.

சில நாள்களில் அந்தக் கேமரா இரவு நேரங்களில் தலைவாசலை விட்டு உள்கட்டின் பக்கம் திரும்பத் தொடங்கியது. கணவர்தான் அங்கிருந்து திருப்பிப் பார்க்கிறார் என்று மனைவி எண்ணிக் கொண்டார். வீட்டில் யாரோ கைபட்டுத் திருப்பி வைக்கிறார்கள் என்று கணவர் எண்ணிக் கொண்டார். இருவரும் ஒருவரையொருவர் கேட்கவில்லை. ஏறத்தாழ இரண்டு வாரங்கள் கழிந்தன. ஒரு நாள் மனம் பொறுக்காமல் அந்தச் சகோதரி தொலைபேசியில், “வாசலைப் பார்க்கத்தானே கேமரா வைத்தீர்கள்? இரவில் எங்களை ஏன் பார்க்கிறீர்கள்?” என்று கேட்டுவிட்டார். “நான் அதைத் திருப்பவே இல்லையே!” என்றார் கணவர். பிறகு நெடுநேரம் இருவரும் பேசவில்லை.

நம் மஹல்லாவைச் சேர்ந்த இரு இளைஞர்கள் சென்று பார்த்தார்கள். இணைய இணைப்பு வரும் ரௌட்டர் பெட்டியில், கேமராவுக்கென ஒரு வழி வெளியுலகை நோக்கித் திறந்து விடப்பட்டிருந்தது. கேமராவின் கடவுச்சொல் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்ததே, எவரும் மாற்றவில்லை. பார்த்தவர் யார், எந்த நாட்டிலிருந்து பார்த்தார், எத்தனை நாள் பார்த்தார் என்பதைக் கண்டறிய வழியில்லை. அந்தப் பெட்டியில் அதற்கான பதிவு எதுவும் வைக்கப்பட்டிருக்கவில்லை. பொருள் எதுவும் களவு போகவில்லை. ஆயினும், இழப்பு ஏதுமில்லை என்று அந்தச் சகோதரியிடம் சொல்ல நமக்கு நாவு எழவில்லை.

கேமரா பொருத்தியவரைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. வெளிநாட்டிலிருந்து படம் தெரிய வேண்டும் என்று கேட்டார்கள். அவர் தெரிய வைத்துக் கொடுத்தார். வேறு யாருக்கும் தெரியாமல் இருக்க வேண்டும் என்று கேட்க நமக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்தத் தெரிதலை உண்டாக்குவதற்காகவே இந்த உரை.

நம்மை யார் தேடி வருகிறார்கள்?

“உலகத்தில் எத்தனையோ பேர் இருக்க, நம் சிற்றூரையும் நம் தெருவையும் யார் தேடி வரப் போகிறார்கள்?” என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு விடை, எவரும் நம்மைத் தேடி வருவதில்லை என்பதே. அவர்கள் எல்லாக் கதவுகளையும் தட்டிப் பார்க்கிறார்கள். திறந்து கொண்ட கதவில் நுழைகிறார்கள்.

இணையத்தில் உள்ள ஒவ்வோர் இணைப்பிற்கும் ஓர் எண் முகவரி உண்டு. பழைய முறைப்படி இருக்கக் கூடிய முகவரிகள் மொத்தம் சுமார் 429 கோடி. பெரிய எண்ணாகத் தோன்றும். ஆனால் 2013 ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸீமேப் என்றொரு மென்பொருளை வெளியிட்டார்கள். நல்ல வேகமுள்ள ஒரே ஒரு கணினியைக் கொண்டு, இந்த முகவரிப் பரப்பு முழுவதிலும் ஒரு குறிப்பிட்ட கதவு எங்கெங்கே திறந்திருக்கிறது என்பதை 45 நிமிடங்களுக்குள் பார்த்து முடிக்கலாம் என்று அவர்கள் காட்டினார்கள். அதற்கு முன்பே, 2009 ஆம் ஆண்டு, இணையத்தில் வெளியே தெரியும் கருவிகளைப் பட்டியலிட்டுத் தேடித் தரும் ஷோடான் என்ற சேவை தொடங்கப்பட்டுவிட்டது. சிற்றூரில் இருப்பது இங்கே மறைவாகாது. மாநகரத்து வங்கியும் நம் வீட்டுக் கேமராவும் அந்தப் பட்டியலில் ஒரே வரிசையில் நிற்கின்றன.

இதன் விளைவை 2016 ஆம் ஆண்டு உலகம் கண்டது. மிராய் என்னும் தீநிரல் கேமராக்களையும் ரௌட்டர்களையும் தேடிச் சென்று, தொழிற்சாலைக் கடவுச்சொற்கள் சுமார் 60 கொண்ட ஒரு பட்டியலை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. அவ்வளவுதான் அதன் திறமை. அதற்கே லட்சக்கணக்கான கருவிகள் வசப்பட்டன. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அக்கருவிகள் ஒருசேர டைன் என்ற நிறுவனத்தின் மீது ஏவப்பட்டபோது, டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரும் தளங்களே அமெரிக்காவின் பல பகுதிகளில் மணிக்கணக்கில் கிடைக்காமல் போயின. அந்தத் தாக்குதலில் பங்கு கொண்ட கேமராக்களின் உரிமையாளர்களில் பெரும்பாலோர், தம் வீட்டுக் கருவி இன்னொருவருக்கு அடிமையாகிக் கிடந்ததை அறிந்திருக்கவே மாட்டார்கள்.

நம் நாடும் தப்பவில்லை. 2017 ஆம் ஆண்டு ஜூலையில் பிஎஸ்என்எல் வாடிக்கையாளர்களின் வீடுகளில் இருந்த பல்லாயிரம் மோடம்களைத் தீநிரல் ஒன்று செயலிழக்கச் செய்தது. கர்நாடகத்தில் பாதிப்பு அதிகம். மாற்றப்படாத தொழிற்சாலைக் கடவுச்சொல்லே அங்கும் வழி திறந்தது. அதற்கு அடுத்த ஆண்டு, 2018 மே மாதத்தில், விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் ரௌட்டர்களில் புகுந்திருப்பதாகச் சிஸ்கோ நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு அறிவித்தது.

ஃபயர்வால் என்றால் என்ன?

ஃபயர்வால் என்ற சொல்லுக்குத் தீத்தடுப்புச் சுவர் என்பது பொருள். ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒரு வீட்டில் பிடித்த தீ அடுத்த வீட்டிற்குத் தாவாமல் இடையில் எழுப்பும் சுவர் அது. கணினி உலகம் அந்தச் சொல்லைக் கட்டடக் கலையிலிருந்து எடுத்துக் கொண்டது. 1988 ஆம் ஆண்டு நவம்பரில், ஒரு மாணவர் எழுதிவிட்ட மோரிஸ் புழு என்னும் நிரல் அன்றைய சிறிய இணையத்தில் ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கியது. பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் தமக்கும் வெளியுலகுக்கும் இடையே ஒரு தடுப்பை வைக்க வேண்டும் என்ற எண்ணம் அதன் பின்னர் வலுப்பெற்றது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அத்தகைய தடுப்புகள் விற்பனைக்கே வந்துவிட்டன.

அது வேலை செய்யும் விதத்தை எளிமையாகச் சொல்கிறோம். இணையத்தில் செல்லும் செய்தி எதுவாயினும், படமாயினும் குரலாயினும், சிறு சிறு பொதிகளாகப் பிரிக்கப்பட்டே அனுப்பப்படுகிறது. ஒவ்வொரு பொதியின் மேலும், தபால் உறையின் மேல் எழுதுவது போல, அனுப்புபவரின் முகவரி, பெறுபவரின் முகவரி, எந்தக் கதவுக்கு என்ற எண் ஆகியவை இருக்கும். கதவு எண்ணைப் போர்ட் என்பார்கள். ஒரு முகவரியில் 65,535 கதவு எண்கள் வரை பயன்படுத்தலாம். நாம் பார்க்கும் பாதுகாப்பான இணையதளங்கள் பெரும்பாலும் 443 ஆம் எண்ணிலும், மிராய் தேடி வந்த பழைய டெல்நெட் வழி 23 ஆம் எண்ணிலும் அமைந்தவை.

ஃபயர்வால் இந்த உறையைப் படிக்கிறது. வீட்டிற்குள்ளிருந்து ஒரு பொதி வெளியே செல்லும்போது, “இன்னார் இன்ன முகவரிக்கு அனுப்பினார்” என்று தன் பேரேட்டில் குறித்துக் கொள்கிறது. வெளியிலிருந்து ஒரு பொதி வந்தால், அது நாம் அனுப்பியதற்கு வந்த மறுமொழிதானா என்று பேரேட்டைப் பார்க்கிறது. ஆம் எனில் உள்ளே விடுகிறது. கேட்காமல் வந்ததாயின், பதிலும் சொல்லாமல் அங்கேயே கைவிடுகிறது. ஸலாம் சொல்லி, உள்ளிருப்பவர் அனுமதி தந்த பிறகே வீட்டிற்குள் நுழையும் பண்பை அறிந்த நமக்கு, இந்த ஏற்பாட்டின் நியாயத்தை விரித்துரைக்கத் தேவையில்லை.

தனிப் பெட்டி எதற்கு?

கணினியிலேயே ஃபயர்வால் மென்பொருள் இருக்கிறதே, தனியாக ஒரு பெட்டி எதற்கு என்று கேட்கலாம். மூத்தவர்கள் சிலருக்கு 2003 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் நினைவிருக்கும். பிரவுசிங் சென்டர்களிலும் அலுவலகங்களிலும் கணினியை இணையத்தில் இணைத்த சிறிது நேரத்தில், 60 விநாடிகளில் கணினி அணைந்துவிடும் என்ற அறிவிப்பு தோன்றி, அவ்வாறே அணைந்து எழும். பிளாஸ்டர் என்ற புழு செய்த வேலை அது. எவரும் எந்தக் கோப்பையும் திறக்கவில்லை. எந்த இணைப்பையும் சொடுக்கவில்லை. 135 ஆம் எண் கதவு வெளியுலகிற்குத் திறந்திருந்ததே போதுமானதாக இருந்தது. அதற்கு மறு ஆண்டு, 2004 ஆகஸ்டில், மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் எக்ஸ்பிக்கு வெளியிட்ட இரண்டாம் திருத்தத் தொகுப்பில், ஃபயர்வால் தொடக்கத்திலேயே செயல்படும்படி அமைத்தது.

கணினிக்கு அது நல்ல தீர்வு. ஆனால் இன்று நம் வீட்டில் இணையத்தில் இணைந்திருப்பது கணினி மட்டுமா? தொலைக்காட்சி இருக்கிறது, கேமரா இருக்கிறது, சில வீடுகளில் குளிர்சாதனமும் அழைப்பு மணியும்கூட இருக்கின்றன. இவற்றில் நாம் விரும்பிய பாதுகாப்பு மென்பொருளை நிறுவ இடமில்லை. மேலும், கணினிக்குள் தீநிரல் புகுந்து அதிகாரத்தைக் கைப்பற்றிவிட்டால், உள்ளே இருக்கும் ஃபயர்வாலையும் அதுவே அணைத்துவிடக் கூடும். வெளியே தனியாக நிற்கும் பெட்டியை அவ்வளவு எளிதில் அணைக்க இயலாது. எனவே இரண்டும் வேண்டும். அறைக் கதவிற்குத் தாழ்ப்பாள் இருக்கிறது என்பதற்காகத் தலைவாசலைத் திறந்து போட்டு யாரும் உறங்குவதில்லை.

எந்தப் பெட்டி?

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறோம். இந்த உரையைக் கேட்டுவிட்டு யாரும் நாளையே கடைக்குச் சென்று பெரும் பணம் செலவிட வேண்டாம். இணைப்பு தந்த நிறுவனம் பொருத்திச் சென்ற ரௌட்டர் பெட்டியிலேயே பெரும்பாலும் ஓர் எளிய ஃபயர்வால் இருக்கிறது. பல வீடுகளுக்கு, அதைச் சரியாக அமைத்துக் கொள்வதே போதுமானது.

அந்தப் பெட்டி மிகப் பழையதாகி, அதற்கான மென்பொருள் திருத்தங்கள் நின்று போயிருந்தால், நிறுவனத்திடம் கேட்டு மாற்றிக் கொள்ள வேண்டும். அல்லது அதன் பின்னே நம்முடைய சொந்த ரௌட்டர் ஒன்றை வைத்துக் கொள்ளலாம்.

பல கணினிகள் உள்ள இடங்களுக்கு, அதாவது நமது ஜமாஅத் அலுவலகம், மதரஸா, கணக்கு எழுதும் கணினி வைத்திருக்கும் கடைகள் போன்றவற்றிற்கு, ஃபயர்வாலுக்கென்றே அமைந்த தனிப் பெட்டி பொருத்தமானது. ஓபிஎன்சென்ஸ், பிஎஃப்சென்ஸ் போன்ற மென்பொருள்கள் விலையின்றியே கிடைக்கின்றன. இரண்டு இணைய வடம் செருகும் துளைகள் உள்ள ஒரு பழைய கணினியில்கூட இவற்றை நிறுவலாம். ஆனால் மின் கணக்கையும் பார்க்க வேண்டும். 60 வாட் இழுக்கும் பழைய கணினி இரவு பகலாக ஓடினால் இரு மாதத்தில் சுமார் 86 யூனிட் ஆகும். 10 வாட் இழுக்கும் சிறு பெட்டிக்கு 14 யூனிட்டே ஆகும். விலையில் மிச்சம் பிடித்து மின் கட்டணத்தில் விடுவது சிக்கனமாகாது.

செய்ய வேண்டியவை

வீட்டு ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தை, அதனுடன் இணைந்துள்ள கைப்பேசியிலோ கணினியிலோ திறக்கலாம். அதன் முகவரி பெட்டியின் அடியில் ஒட்டியுள்ள தாளில் இருக்கும். பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். அதில் செய்ய வேண்டியவை வருமாறு:

முதலாவது, அமைப்புப் பக்கத்தின் கடவுச்சொல்லை மாற்றுவது. வைஃபை கடவுச்சொல் வேறு, இது வேறு. வைஃபை கடவுச்சொல் தெருக்கதவின் சாவி; இது பெட்டகத்தின் சாவி. கேமராவுக்கும் அதற்கென ஒரு கடவுச்சொல் உண்டு. அதையும் மாற்றியாக வேண்டும். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், எளிதில் ஊகிக்கத் தக்க பொதுக் கடவுச்சொல்லோடு இத்தகைய கருவிகளை விற்பதையே தடை செய்துள்ளது. அந்த அளவிற்கு இது தீங்கின் ஊற்றாக இருந்து வந்திருக்கிறது.

இரண்டாவது, திறந்து கிடக்கும் வழிகளை மூடுவது. போர்ட் ஃபார்வர்டிங் என்ற பகுதியில் எவையேனும் எழுதப்பட்டிருந்தால், அவை எதற்கென்று தெரியாதவிடத்து நீக்கிவிட வேண்டும். வெளியிலிருந்து பெட்டியை நிர்வகிக்கும் வசதி, டிஎம்ஸெட் என்னும் வசதி ஆகிய இரண்டும் அணைந்திருக்க வேண்டும். யுபிஎன்பி என்றொரு வசதி உண்டு. வீட்டிலுள்ள கருவிகள் நம்மைக் கேளாமல் தாமே கதவு திறந்து கொள்வதற்கு அது இடமளிக்கிறது. அதையும் அணைத்து வைப்பதே நலம்.

மூன்றாவது, பெட்டியின் மென்பொருளைப் புதுப்பிப்பது. தானாகப் புதுப்பித்துக் கொள்ளும் வசதி இருந்தால் அதை இயக்கி வைக்கலாம்.

நான்காவது, வைஃபை. டபிள்யூபிஏ 2 அல்லது டபிள்யூபிஏ 3 என்ற பாதுகாப்பு முறையில் நீண்ட கடவுச்சொல் வைக்க வேண்டும். விருந்தினருக்கான தனி வைஃபை வசதி இருந்தால், கேமராவையும் தொலைக்காட்சியையும் அதில் இணைத்து, குடும்பத்தாரின் கைப்பேசியையும் கணினியையும் முதன்மை வைஃபையில் வைத்துக் கொள்ளலாம். ஒன்றில் தீப்பிடித்தால் மற்றதற்குப் பரவாது. சுவர் என்பதன் முழுப் பொருளும் அப்போதுதான் நிறைவேறுகிறது.

ஐந்தாவது, ஐபிவி6 எனப்படும் புதிய முகவரி முறை. பழைய முறையில் முகவரிகள் பற்றாமல் போனதால், ஒரே முகவரியை வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் பகிர்ந்து கொள்ளும் ஏற்பாடு 1994 ஆம் ஆண்டு வகுக்கப்பட்டது. முகவரியைச் சிக்கனப்படுத்தவே அது வந்தது. ஆயினும் கேளாமல் வருவோருக்கு உள்ளே வழி தெரியாமல் செய்ததால் ஓரளவு பாதுகாப்பாகவும் அமைந்தது. புதிய முறையில் ஒவ்வொரு கருவிக்கும் உலகளாவிய முகவரி கிடைத்துவிடுவதால் அந்த மறைவு இல்லை. ஆகையால் ஐபிவி6-க்கான ஃபயர்வாலும் இயங்குகிறதா என்று பார்த்துக் கொள்ள வேண்டும். இந்தியா இந்த முறையைப் பெருமளவில் ஏற்றுக் கொண்ட நாடுகளில் ஒன்று என்பதால் இது நமக்கு மிகவும் உரியது.

இவை அனைத்தையும் ஒருமுறை செய்துவிட்டு மறந்துவிட இயலாது. பழுது பார்க்க வருபவர் பெட்டியை மாற்றினாலோ, பின்னாலுள்ள ரீசெட் பொத்தானை அழுத்தினாலோ, எல்லாம் பழைய நிலைக்கே திரும்பிவிடும். அன்றைக்கே மீண்டும் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து கேமரா பார்க்க விரும்புவோர் என்ன செய்வது? உங்கள் கவலை நமக்குப் புரிகிறது. பெற்ற தாயையும் பிள்ளைகளையும் விட்டுப் பிரிந்து வாழ்பவருக்கு அந்தச் சிறு திரையே ஆறுதல். ஆனால் ரௌட்டரில் வழி திறந்து விடுவது அதற்கு ஏற்ற முறையன்று. திருத்தங்களைத் தவறாமல் வெளியிடும் நிறுவனத்தின் கேமராவை வாங்கி, அதன் செயலியில் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கிப் பார்ப்பது ஒரு வழி. வீட்டு ஃபயர்வாலுக்கு நேரே விபிஎன் என்னும் மறைவழியை அமைத்துக் கொள்வது இன்னொரு வழி. ஆனால் விபிஎன் தொடர்பாகச் சில நாடுகளில் கட்டுப்பாடுகள் உண்டு. பணிபுரியும் நாட்டின் சட்டத்தை அறிந்த பின்னரே அதில் இறங்க வேண்டும். எவ்வழியாயினும், கேமராவின் பார்வை வாசலோடு நிற்பது எல்லாவற்றினும் சிறந்த காவல்.

சுவர் தடுக்காதவை

ஃபயர்வாலின் அருமையைச் சொன்ன நாம் அதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும்.

கேளாமல் வருபவரைத்தான் அது தடுக்கும். நாமே அழைத்து வருபவரைத் தடுக்காது. வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறுபவரிடம் ஓடிபி எண்ணைச் சொன்னால், எந்தப் பெட்டியும் நம் பணத்தைக் காப்பாற்றாது. திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை நிறுவினால், கதவை உள்ளிருந்தே திறந்துவிட்டவர்கள் ஆவோம். இக்காலத்துச் செய்திகள் பெரும்பாலும் பூட்டிய உறைகளாகச் செல்வதால், உறைக்குள் என்ன இருக்கிறது என்பதும் பெட்டிக்குத் தெரியாது. வைஃபையை அணைத்துவிட்டுச் சிம் கார்டின் இணைப்பில் கைப்பேசியைப் பயன்படுத்தும்போது நாம் அந்தச் சுவருக்கு வெளியே நிற்கிறோம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பணம் பறிபோனது தெரிந்தால் சற்றும் தாமதியாமல் 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் செய்ய வேண்டும். முதல் சில மணி நேரங்களே பணத்தைத் தடுத்து நிறுத்த ஏற்ற நேரம்.

இன்னொரு செய்தியும் உண்டு. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ, அவர் வீட்டுக் கதவைத்தான் காவல்துறை முதலில் தட்டும். 2008 ஆம் ஆண்டு ஜூலையில், அகமதாபாத் குண்டுவெடிப்பை ஒட்டி அனுப்பப்பட்ட மின்னஞ்சல் ஒன்று, நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வைஃபை இணைப்பிலிருந்து சென்றதாகக் கண்டறியப்பட்டது. அவர் விசாரணைக்கு உள்ளானார். பாதுகாப்பற்று இருந்த அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தனர். குற்றமற்றவர் என்பதைப் பின்னர் நிறுவ இயலும். ஆனால் இடைப்பட்ட நாள்களை யார் திருப்பித் தருவார்? நம் பெயரில் உள்ள இணைப்பு நம்மிடம் உள்ள அமானிதம். அதை அடுத்தவர் தீமைக்குப் பயன்படுத்தாதவாறு காப்பதும் நம் பொறுப்பே.

நாம் கேட்டுக் கொள்வது

இறுதியாக, நிர்வாகக் குழுவின் முன்னும் மஹல்லாவாசிகளின் முன்னும் சில வேண்டுகோள்களை வைக்கிறோம்.

கணினித் துறையில் படித்த, படித்துக் கொண்டிருக்கும் பிள்ளைகள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு குழுவாக அமைந்து, அழைக்கும் வீடுகளுக்குச் சென்று மேற்சொன்ன ஐந்தையும் சரிபார்த்துத் தர வேண்டும். வீட்டுப் பொறுப்பாளர் உடனிருக்கும்போது மட்டுமே செல்ல வேண்டும். பெண்கள் மட்டும் இருக்கும் வீடுகளுக்கு, இத்துறையில் பயின்ற நம் சகோதரிகளே செல்லட்டும். அத்தகையோர் இருக்கிறார்கள், முன்வரவும் இசைந்திருக்கிறார்கள்.

கடவுச்சொல்லைச் செல்பவர் அமைக்கக் கூடாது. அவர் திரும்பி நிற்க, வீட்டார் தம் கையால் அமைக்க வேண்டும். ஒரு தாளில் எழுதி, நகைப் பத்திரங்களோடு வீட்டில் பத்திரப்படுத்திக் கொள்ளலாம், அதில் தவறில்லை. உதவி செய்ய வந்தவர் எவ்வளவு நம்பிக்கைக்கு உரியவராயினும், சாவி வீட்டுக்காரரிடமே இருக்க வேண்டும்.

ஜமாஅத் அலுவலகத்திற்கும் மதரஸாவிற்கும் ஒரு தனி ஃபயர்வால் பெட்டி வாங்க வரும் ஆண்டின் செலவினத்தில் இடமளிக்குமாறு குழுவைக் கேட்டுக் கொள்கிறோம். அங்கே உள்ள கணினியில் திருமணப் பதிவேடும், உதவித் தொகை பெறும் குடும்பங்களின் விவரமும் இருக்கின்றன. உதவி பெறுவோரின் பெயர் வெளியே தெரியாமல் காப்பதைக் காலங்காலமாக நாம் பேணி வந்திருக்கிறோம். கணினி வந்த பிறகு அதை விட்டுவிடலாகாது.

நாம் தொடக்கத்தில் சொன்ன அந்த வீட்டிற்கு மீண்டும் வருகிறோம். திரும்பும் கேமராவை எடுத்துவிட்டார்கள். இப்போது ஒரே திசையில் நிலைத்து நிற்கும் எளிய கேமரா ஒன்று, வெளிவாசலை மட்டும் பார்த்துக் கொண்டிருக்கிறது. ரௌட்டரில் திறந்திருந்த வழி மூடப்பட்டுவிட்டது. வெளிநாட்டில் இருப்பவருக்கு இப்போதும் தம் வீட்டு வாசல் தெரிகிறது. புதிய கடவுச்சொல்லை அமைத்தவர் அந்தச் சகோதரி. தொலைபேசியில் அதைக் கணவருக்குச் சொன்னபோது, முதலில் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்துதான் சொன்னாராம்.